அமரோனே வாங்கப் போகிறவர்களுக்கு

அமரோனே என்பது உலர்த்திய திராட்சையில் செய்யும் இத்தாலிய சிவப்பு ஒயின். பறித்த பழத்தை உடனே பிழியாமல் மூன்று நான்கு மாதம் காயப்போட்டு, சுருங்கிய பிறகு பிழிகிறார்கள். அதனால் நிறம் அடர்த்தி, ஆல்கஹால் 15, 16 சதவீதம், வாசனையில் உலர்ந்த அத்தியும் செர்ரியும் கோகோவும். விலையும் கொஞ்சம் மிரட்டும். ஒயினே அதிகம் பழகாத ஒருவர், யாரோ உயர்வாகச் சொன்னார்கள் என்று நேராக இதில் ஆரம்பித்தால் பெரும்பாலும் ஒரு கிளாஸோடு மூடி வைத்துவிடுவார். இதே குடும்பத்தில் விலை குறைந்த, இலகுவான ஒயின்கள் இருக்கின்றன. அவற்றை முதலில் குடித்துவிட்டு இதற்கு வந்தால் கொடுத்த காசுக்கு என்ன கிடைக்கிறது என்று நாக்குக்கே தெரியும். அந்த வழியைத்தான் இங்கே சொல்கிறேன்.

முதலில், இது எப்படிச் செய்யப்படுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

இதைத் தாண்டிப் போய்விட வேண்டாம். லேபிளில் வரும் சொற்கள், விலை, ஊற்றும் அளவு எல்லாமே இதிலிருந்துதான் புரியும்.

வட இத்தாலியில் வெரோனா நகரத்துக்கு வடக்கே வல்போலிசெல்லா என்று ஒரு குன்றுப் பகுதி. மேற்கே கார்டா ஏரி, வடக்கே லெஸ்ஸினி மலை. அமரோனே என்ற பெயரை இந்தப் பகுதித் திராட்சையில் செய்த ஒயினுக்கு மட்டும்தான் போடலாம் என்பது அங்கே சட்டம். திராட்சையிலும் விதி உண்டு. கொர்வினாதான் முக்கிய ரகம், கலவையில் 45 முதல் 95 சதவீதம் வரை. அதற்குப் பதிலாகக் கொர்வினோனே என்ற பங்காளி ரகத்தையும் வைத்துக்கொள்ளலாம். ரொண்டினெல்லா 5 முதல் 30 சதவீதம். மிச்சத்துக்கு மொலினாரா, ஒசெலெத்தா போன்ற உள்ளூர் ரகங்கள். கொர்வினாவின் தோல் தடிப்பு. பல மாதம் கிடந்தாலும் எளிதில் வெடித்து அழுகாது. ரொண்டினெல்லாவும் அப்படியே தாக்குப்பிடிக்கும்.

அறுவடை செப்டம்பரில் தொடங்கும். காயவைக்கப் போகும் குலைகளைத் தனியாகப் பொறுக்குவார்கள். பழங்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும் குலை உதவாது, நடுவில் காற்று போகாமல் பூஞ்சணம் பிடித்துவிடும். இடைவெளி விட்டுத் தொங்கும் குலைதான் வேண்டும், ஒரு பழம்கூட நசுங்கியிருக்கக் கூடாது. இவற்றைத் தட்டுகளில் ஒரே வரிசையாகப் பரப்பி, காற்றோட்டமான பரண் அறைகளில் அடுக்கிவிடுவார்கள். அந்தக் காலத்தில் மூங்கில் தட்டிகள், இப்போது பெரும்பாலும் மரப்பெட்டி அல்லது பிளாஸ்டிக் கிரேட். வெயிலில் காயப்போடுவதில்லை. குளிர்காலக் காற்றில்தான் மெல்ல வற்ற வேண்டும். மழையும் பனிமூட்டமும் வந்து காற்று ஈரமானால் ஜன்னலைச் சாத்தி மின்விசிறி போடுவார்கள். ஈரத்தை உறிஞ்சும் இயந்திரம் வைத்திருப்பவர்களும் உண்டு. கெட்ட பழத்தை அவ்வப்போது பொறுக்கி எறிய ஆள் வேண்டும்.

இந்த உலர்த்தலுக்குப் பெயர் அப்பாஸ்ஸிமெந்தோ. லேபிள்களில் இந்தச் சொல் திரும்ப வரும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். சுமார் நூறு நாளில் பழம் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கை, சில நேரம் 40 சதவீதத்தைக்கூட, இழந்துவிடும். தண்ணீர் போகிறது, சர்க்கரை நிற்கிறது. கூடவே பழத்தின் வாசனையும் தோலின் துவர்ப்பும் மாறுகின்றன. புது செர்ரி வாசனை போய் உலர்பழ வாசனை வருவது இந்தப் பரணில்தான்.

டிசம்பர் 1க்கு முன்னால் பிழிவதற்குப் பொதுவாக அனுமதி கிடையாது. 100 கிலோ திராட்சைக்கு 40 லிட்டர் ஒயின்தான் எடுக்கலாம் என்பதும் விதி. உலர்த்தாத சாதாரண வல்போலிசெல்லாவுக்கு அது 70 லிட்டர். ஆக, பாதிக்கும் கொஞ்சம் மேலேதான் தேறுகிறது. அதற்குமேல் மூன்று மாதப் பரண் இடம், ஆள் கூலி, அழுகல் நட்டம். பாட்டில் விலை ஏன் அப்படி என்று இனிக் கேட்கத் தோன்றாது.

பிழிந்த பிறகு குளிர்காலத்தில் வாரக்கணக்கில் மெதுவாக நொதிக்கும். சர்க்கரை அதிகம், குளிரும் அதிகம், ஏறிக்கொண்டே போகும் ஆல்கஹால் வேறு. ஈஸ்டுக்குப் பெரும்பாடு. பாதியில் நின்றால் இனிப்பு மிஞ்சிவிடும். அப்படி இனிப்போடு நின்ற ஒயின்தான் இந்த ஊரின் மூத்த ஒயின், பெயர் ரெச்சியோத்தோ. வெரோனாப் பக்கம் இலையுதிர் காலத்தில் திராட்சையைத் தொங்கவிட்டு உலர்த்தி, குளிர்காலத்தில் ஒயின் செய்வதை 6ஆம் நூற்றாண்டிலேயே கஸ்ஸியோடோரஸ் என்ற அமைச்சர் கடிதத்தில் வர்ணித்திருக்கிறார், அரசரின் மேசைக்கு வாங்குவதற்காக. ரெச்சியோத்தோ பீப்பாய் ஒன்றைக் கவனிக்காமல் விட்டதில் சர்க்கரை முழுக்க நொதித்துத் தீர்ந்து அமரோனே பிறந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். நெக்ரார் ஊர்க் கூட்டுறவு ஒயின் நிலையத்தில் 1936இல் நடந்ததாக அந்தக் கதை. கதை எப்படியோ, கடைக்கு ஒழுங்காக வரத் தொடங்கியது 1950களில்தான். ஆயிரத்தைந்நூறு வருடப் பழக்கத்தில் இது நேற்றுப் பிறந்த பிள்ளை.

கீழ்ப்படியிலிருந்து ஏறுங்கள்

ஒரே திராட்சை, ஒரே குன்று, ஐந்து வகை ஒயின். வாங்க வேண்டிய வரிசை இது.

முதலில் வெறும் வல்போலிசெல்லா. உலர்த்தாத திராட்சை, 11, 12 சதவீத ஆல்கஹால், லேசான செர்ரி, நல்ல புளிப்பு. கொஞ்சம் குளிரவைத்துக் குடிக்கலாம். கொர்வினாவின் சொந்த முகம் இதில்தான் தெரியும். இதே ஒயினை ஒரு வருடமாவது வைத்திருந்து கொஞ்சம் கனமாகக் கொடுத்தால் சுப்பீரியோரே. இரண்டில் ஒன்று போதும்.

அடுத்தது ரிபாஸ்ஸோ. அமரோனே நொதித்து வடித்தபின் தொட்டியில் தோலும் விதையுமாகச் சக்கை மிஞ்சும். அதில் இன்னும் சர்க்கரையும் சாரமும் இருக்கும். அதன்மேல் வல்போலிசெல்லா ஒயினை ஊற்றி மறுபடி நொதிக்க விடுவார்கள். காபி ஃபில்டரில் மிஞ்சிய தூள்மேல் வெந்நீருக்குப் பதிலாக இன்னொரு காபியையே ஊற்றுவது மாதிரி. ஒயினுக்கு உடம்பு ஏறும், ஆல்கஹால் ஒரு படி கூடும், உலர்பழ வாசனை எட்டிப் பார்க்கும். பழைய முறைதான், ஆனால் மாசி நிறுவனம் 1964இல் காம்போஃபியோரின் என்ற ஒயினைக் கொண்டுவந்த பிறகுதான் வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்தது. விலை அமரோனேயில் பாதி அளவுக்கு இருக்கும். என்னைக் கேட்டால், மாதம் ஒருமுறை நண்பர்களோடு சாப்பிட உட்காருகிறவர்களுக்கு ரிபாஸ்ஸோவே போதும். அமரோனேக்கு ஒரு காரணம் வேண்டும்.

மூன்றாவதாக அமரோனே. கடைசியில் ரெச்சியோத்தோ, சாப்பாடு முடிந்தபின் சின்னக் கிளாஸில், டார்க் சாக்லேட்டோடு. இனிப்பு ஒயின் என்றாலே முகம் சுளிப்பவர்களும் இதை ஒருதடவை ருசி பார்க்கலாம். அடியில் புளிப்பு இருப்பதால் திகட்டாது.

முடிந்தால் முதல் மூன்றையும் ஒரே தயாரிப்பாளரிடமிருந்து வாங்குங்கள். வித்தியாசம் செய்முறையால் வந்ததா, ஆளால் வந்ததா என்ற குழப்பம் இருக்காது.

லேபிளில் பார்க்க வேண்டியவை

"அமரோனே தெல்லா வல்போலிசெல்லா" என்ற முழுப்பெயரும், கூடவே டி.ஓ.சி.ஜி என்ற எழுத்துகளும் இருக்க வேண்டும். அது இத்தாலிய ஒயின் சட்டத்தின் மேல்தட்டு. அமரோனே 2010இல் அந்த இடத்துக்கு வந்தது. பாட்டில் கழுத்தில் எண்ணிட்ட அரசுச் சீட்டும் ஒட்டியிருக்கும்.

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். கடையில் "அப்பாஸ்ஸிமெந்தோ" என்று பெரிதாக அச்சடித்த கனமான பாட்டில், விலை அமரோனேயில் மூன்றில் ஒன்று. மலிவாக மாட்டிக்கொண்டது என்று அள்ளிக்கொண்டு வருவார்கள். அந்தச் சொல் உலர்த்தும் முறையைத்தான் குறிக்கிறது, ஊரை அல்ல. வெரோனா இருக்கும் வெனெட்டோ மாநிலத்தின் வேறு பகுதிகளிலும், தெற்கே புலியாவிலும்கூட, வேறு திராட்சையைக் கொஞ்சம் உலர்த்திச் செய்த ஒயின்கள் இப்படி வருகின்றன. பல பாட்டில்களில் இனிப்பு சற்றுத் தூக்கலாக இருக்கும். குடிக்க மோசமில்லை. ஆனால் அதைக் குடித்துவிட்டு அமரோனே இப்படித்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

"கிளாசிகோ" என்று போட்டிருந்தால் மேற்கே உள்ள பழைய ஐந்து ஊர்கள்: ஃபுமானே, மரானோ, நெக்ரார், சான்ட் அம்ப்ரோஜியோ, சான் பியெத்ரோ இன் கரியானோ. "வல்பந்தேனா" நடுவிலுள்ள பள்ளத்தாக்கு. கிழக்கே உள்ள பள்ளத்தாக்குகளுக்கு லேபிளில் தனிச்சொல் கிடையாது. கிளாசிகோ என்றால் தரம் உசத்தி என்று கடைக்காரர் சொன்னால் தலையாட்டி வையுங்கள். மிக விலை உயர்ந்த அமரோனேக்களில் ஒன்றைச் செய்யும் தால் ஃபோர்னோ இருப்பது கிழக்கே இல்லாசிப் பள்ளத்தாக்கில், கிளாசிகோவுக்கு வெளியே.

"ரிசெர்வா" என்றால் குறைந்தது நான்கு வருடம் முதிர வைத்தது. சாதாரண அமரோனேக்கு இரண்டு வருடம். முதல் பாட்டிலுக்கு ரிசெர்வா தேவையில்லை.

ஆல்கஹால் சதவீதத்தைக் கட்டாயம் பாருங்கள். சட்டப்படி குறைந்தது 14, கடையில் பெரும்பாலும் 15 முதல் 16.5. லேபிளில் போட்ட எண்ணுக்கும் உள்ளே இருப்பதற்கும் அரை சதவீத வித்தியாசத்தைச் சட்டமே அனுமதிக்கிறது. 15 என்று போட்டது 15.5 ஆகவும் இருக்கலாம்.

அறுவடை ஆண்டு? 2015, 2016 நல்ல பெயர் எடுத்தவை. 2014இல் மழை கொட்டியது. பல தயாரிப்பாளர்கள் அந்த வருடம் அமரோனே செய்யாமலே விட்டார்கள். இந்த அளவு தெரிந்தால் போதும்.

சைவம் பார்ப்பவர்களுக்கு ஒன்று. ஒயினைத் தெளியவைக்கச் சிலர் முட்டை வெள்ளைக்கருவோ ஜெலட்டினோ பயன்படுத்துவதுண்டு. வீகன் குறி இருக்கிறதா என்று பின்பக்க லேபிளில் தேடுங்கள்.

யாருடையதை, எவ்வளவுக்கு

ஐரோப்பியக் கடைகளில் நல்ல அமரோனே சுமார் 30 யூரோவில் தொடங்கி 60 வரை போகும். இறக்குமதி வரி உள்ள நாடுகளில் இது எங்கேயோ போய்விடும் என்பதால் எண்ணை விட விகிதத்தைக் கவனியுங்கள். அதே கடையில் ரிபாஸ்ஸோ விற்கும் விலைக்கே அமரோனே கிடைக்கிறது என்றால் எங்கோ இடிக்கிறது. மேலே சொன்ன கிலோ, லிட்டர் கணக்கு எல்லோருக்கும் ஒன்றுதான். அவ்வளவு மலிவாகக் கொடுப்பவர் பழத்திலோ, பொறுக்குவதிலோ, முதிர வைப்பதிலோ கைவைத்திருப்பார். அந்தக் காசுக்கு நல்ல ரிபாஸ்ஸோ வாங்குவது உத்தமம்.

தேடினால் பல ஊர்களில் கிடைக்கக்கூடிய பெயர்கள்: மாசி, தொம்மாசி, அல்லெக்ரினி, ஸெனாத்தோ, பெர்த்தானி. பெர்த்தானி பழைய பாணி, பெரிய ஓக் பீப்பாய்களில் வருடக்கணக்கில் வைப்பவர்கள். அதில் மரவாசனை முன்னால் வராது, உலர்பழமும் மூலிகையும்தான். வேறு சிலர் சின்னப் பிரெஞ்சுப் பீப்பாய்களில் வைப்பதால் வனிலா, சாக்லேட் வாசனை எடுப்பாக இருக்கும். புதிதாகக் குடிப்பவர்களுக்கு இரண்டாவது பாணி சட்டென்று பிடிக்கும், ஆனால் சீக்கிரம் அலுக்கும் என்பது என் கட்சி. குயின்தரெல்லி என்ற தயாரிப்பாளரின் பெயர் எங்கேயும் அடிபடும். நூற்றுக்கணக்கான யூரோ விலை. வேறு யாராவது திறந்தால் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள்.

வீட்டில் திறக்கும்போது

ஒயினை அறை வெப்பத்தில் பரிமாற வேண்டும் என்று சொல்வார்கள். அது ஐரோப்பியக் கல்வீட்டின் அறை. சென்னை வீட்டின் 30 டிகிரியில் ஊற்றினால் மூக்கில் ஏறுவது வெறும் ஆல்கஹால் நெடிதான். 16 முதல் 18 டிகிரி வேண்டும். சாதாரண ஃபிரிட்ஜில் ஒரு மணி நேரத்துக்கு மேல், ஒன்றரை மணி வரை வையுங்கள். அவசரமென்றால் ஐஸும் தண்ணீரும் கலந்த பக்கெட்டில் முக்கி வைக்கலாம், வேகமாகக் குளிரும். கூடுதலாகக் குளிர்ந்துவிட்டாலும் பரவாயில்லை, கிளாஸில் சூடு ஏறிக்கொள்ளும்.

சாப்பிடுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் திறந்து, டிகேன்டரில் ஊற்றிவையுங்கள். டிகேன்டர் இல்லையென்றால் சுத்தமான கண்ணாடி ஜாடி போதும். கார்க்கை மட்டும் எடுத்துவிட்டுக் காத்திருப்பதில் பிரயோஜனம் இல்லை, அந்தக் கழுத்தளவு பரப்பில் எவ்வளவு காற்றுப் படும்? பத்து வருடம் தாண்டிய பாட்டில் என்றால் முந்தின நாளே நிமிர்த்தி வைத்து வண்டலை அடியில் இறங்கவிட்டு, மெதுவாக ஊற்றி, கடைசிக் கலங்கலைப் பாட்டிலிலேயே விட்டுவிடுங்கள்.

கிளாஸ் பெரிதாக இருக்கட்டும், ஊற்றுவது குறைவாக இருக்கட்டும். 16 சதவீத ஒயின் 150 மில்லியில் 24 மில்லி சுத்த ஆல்கஹால் இருக்கிறது. 330 மில்லி சாதாரண பீரில் இருப்பது 16, 17 மில்லிதான். நாக்கில் வழவழப்பாக இறங்குவதால் இந்தக் கணக்கு குடிக்கும்போது தெரியாது, எழுந்திருக்கும்போது தெரியும். ஆளுக்கு 100 மில்லி என்று ஊற்றினால் ஒரு பாட்டில் ஏழு பேருக்கு வரும். ஐந்தாறு பேர் சேரும் நாளுக்கு வைத்துக்கொள்வதே முறை. வண்டி ஓட்ட வேண்டியவர் அன்றைக்குத் தொட வேண்டாம்.

முதல் வாயில் இனிப்பாகத் தோன்றினால் குழம்ப வேண்டாம். சர்க்கரை பெரும்பாலும் நொதித்துத் தீர்ந்திருக்கும், லிட்டருக்குச் சில கிராம்தான் மிச்சம். உலர்பழ வாசனையும் ஆல்கஹாலும் சேர்ந்து இனிப்பு மாதிரி காட்டும். விழுங்கியபின் பாதாம் தோல் போல மெல்லிய கசப்பு ஒன்று நிற்க வேண்டும். அந்தக் கசப்புதான் நல்ல அமரோனேயின் அடையாளம் என்று நான் வைத்திருக்கிறேன்.

சாப்பாட்டில், காரத்தைத் தள்ளி வையுங்கள். ஆல்கஹால் கூடக் கூட மிளகாய் எரிச்சலும் கூடும். செட்டிநாட்டுக் கறியோடு அமரோனே இரண்டுக்கும் கேடு. வெரோனாவில் மாட்டிறைச்சியை மணிக்கணக்கில் மெல்லிய தீயில் வேகவைத்து இதோடு தருவார்கள். குதிரை இறைச்சியில் செய்யும் பஸ்திஸ்ஸாதாவும் அங்கே பெயர்போனது. கறி வேண்டாம் என்பவர்களுக்கு வெண்ணெயில் வதக்கிய காளான். எதுவும் சமைக்காமல் இருப்பதானால் நன்றாக முதிர்ந்த பார்மிஜானோ, அல்லது லெஸ்ஸினி மலையிலேயே செய்யும் மோந்தே வெரோனேஸே பாலாடைக்கட்டி. இது நிஜமாகவே போதும்.

வருடக்கணக்கில் வைத்துக் குடிக்கலாமா என்றால், நல்ல அமரோனே பத்து இருபது வருடம் தாங்கும், ஆனால் 13, 14 டிகிரி இருட்டறையில். நம் வீட்டு அலமாரியில் இரண்டு கோடை தாண்டினால் வெந்துவிடும். ஒயின் ஃபிரிட்ஜ் இல்லாதவர்கள் வாங்கிய சில மாதத்துக்குள் திறந்துவிடுங்கள்.

ஊருக்கே போகிறவர்களுக்கு

பரண்களில் திராட்சை கிடப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் போக வேண்டும். கோடையில் போனால் காலித் தட்டுகளைத்தான் காட்டுவார்கள். வெரோனாவுக்கு மிலானிலிருந்தும் வெனிஸிலிருந்தும் ரயிலில் ஒன்றே கால் மணி நேரம் போல ஆகும். ஒயின் நிலையங்களுக்கு முன்கூட்டியே எழுதி நேரம் வாங்கிக்கொள்ளுங்கள், நினைத்த நேரத்துக்குப் போய் நிற்க முடியாது. ருசி பார்க்கும்போது துப்புவதற்குப் பாத்திரம் வைத்திருப்பார்கள். கூச்சப்படாமல் துப்புங்கள், அங்கே எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். ஐந்து அமரோனேயை விழுங்கினால் ஆறாவதில் ஒன்றும் தெரியாது.

திரும்பும்போது பாட்டிலைத் துணிகளுக்கு நடுவே சுற்றி, பெரிய பெட்டியில் போடுங்கள். கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையிலேயே பிடுங்கிவிடுவார்கள். இந்தியாவுக்குள் ஒருவர் வரியில்லாமல் 2 லிட்டர் வரை மது கொண்டுவரலாம், அதாவது 750 மில்லி பாட்டில் இரண்டு. மற்ற நாடுகளில் இருப்பவர்கள் அந்தந்த ஊர்க் கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மிஞ்சினால்

கார்க்கை இறுக்கி ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நான்கு நாள் குடிக்கும்படி இருக்கும், இரண்டாம் நாள் சில பாட்டில்கள் இன்னும் நன்றாகவே இருக்கும். அதற்கும் பிறகு மிஞ்சினால் வெரோனாக்காரர்கள் செய்கிற ரிசொத்தோ என்ற குழைவான சோறு செய்யலாம். நான்கு பேருக்கு 320 கிராம் அரிசி. வெரோனாவின் தெற்குச் சமவெளியில் விளையும் வியலோனே நானோதான் முறையானது, கிடைக்காவிட்டால் அர்போரியோ. பொடியாக நறுக்கிய வெங்காயத்தை வெண்ணெயில் நிறம் மாறாமல் வதக்கி, அரிசியைப் போட்டுச் சூடேறும்வரை கிளறி, கால் லிட்டர் ஒயினை இரண்டு மூன்று தடவையாக ஊற்றி வற்றவிடுங்கள். பிறகு கொதிக்கும் சூப்புத் தண்ணீரைக் கரண்டி கரண்டியாக விட்டு, பதினாறு பதினேழு நிமிடம் கிளறி, அடுப்பை அணைத்துவிட்டு வெண்ணெயும் துருவிய பாலாடைக்கட்டியும் சேர்த்தால் ஊதா நிறத்தில் தளதளவென்று வரும். இதற்காகப் புதுப் பாட்டில் உடைக்கத் தேவையில்லை. மிச்ச அமரோனே போதாவிட்டால் ரிபாஸ்ஸோவைக் கலந்துகொள்ளுங்கள், சட்டியில் போனபின் யாருக்கும் தெரியாது.